நகருக்குள் நடந்த போர்: ஈராக் பற்றிய வாசகர் கேள்விகள்

ஈராக் போரில் ஃபலூஜா, நஜஃப், ரமாடி முதலிய நகரங்களுக்குள் அமெரிக்கத் தலைமையிலான கூட்டணிப் படைகளுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் நடந்த சண்டைகளைப் பற்றி வாசகர்கள் பலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வருவதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: பாக்தாத் மூன்றே வாரத்தில் விழுந்துவிட்டது. அதன் பிறகும் நகரங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் சண்டை நீடித்தது எப்படி?

பதில்: படையெடுப்பு தொடங்கியது 2003 மார்ச் 20, பாக்தாத் வீழ்ந்தது ஏப்ரல் 9. அந்த மூன்று வாரத்தில் தோற்றது சதாம் உசேனின் அரசு. அந்த அரசின் கீழ் ஆயுதம் ஏந்தியிருந்தவர்கள் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். மே மாதம் பாக்தாத்தில் பொறுப்பேற்ற அமெரிக்க நிர்வாகி பால் பிரேமர், மே 16 அன்று சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசுப் பணிகளிலிருந்து விலக்கும் ஆணையையும், மே 23 அன்று ஈராக் ராணுவத்தையே கலைக்கும் ஆணையையும் பிறப்பித்தார். ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு ஒரே கையெழுத்தில் பிழைப்பு போயிற்று. அதே சமயத்தில் நாடெங்கும் ஆயுதக் கிடங்குகள் காவலில்லாமல் கிடந்தன. பயிற்சி பெற்றவர்களும், அவர்களுக்கு எளிதில் எட்டும் ஆயுதங்களும், ஆறாத கோபமும் ஒரே இடத்தில் சேர்ந்தன.

ஃபலூஜாவில் அந்தக் கோபத்துக்குத் தனியாக ஒரு தேதி உண்டு. யூப்ரடீஸ் நதிக்கரையில், பாக்தாத்துக்கு மேற்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்த நகரில், அமெரிக்காவின் 82ஆவது வான்வழிப் படைப்பிரிவினர் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். 2003 ஏப்ரல் 28 இரவு, படையினர் வெளியேற வேண்டும் என்று கோஷமிட்டபடி அந்தப் பள்ளியின் முன் கூடிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கூட்டத்திலிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்றனர் படையினர். நேரில் சென்று ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்போ, பள்ளிக் கட்டடத்தின் மீது குண்டு பாய்ந்ததற்கு நம்பத்தக்க தடயம் எதையும் காணவில்லை என்று எழுதியது. 17 பேர் இறந்ததாக அந்த அமைப்பு பதிவு செய்தது. அதுவரை ஃபலூஜா கூட்டணிப் படைகளை எதிர்த்துப் பெரிதாகப் போரிட்ட ஊர் அல்ல.

கிளர்ச்சியாளர்கள் என்ற ஒரே சொல்லுக்குள் பல தரப்பினர் அடங்கியிருந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். முன்னாள் ராணுவத்தினர், சுன்னி பழங்குடிக் குழுக்களைச் சேர்ந்த இளைஞர்கள், அபு முசாப் அல் சர்காவியின் தலைமையில் வந்து சேர்ந்த வெளிநாட்டுப் போராளிகள் ஆகியோர் ஒருபுறம். முக்ததா அல் சதரின் மஹ்தி படை என்ற ஷியா ஆயுதக் குழு மறுபுறம். இவர்களுக்குள் ஒத்துப்போகாத விஷயங்களே அதிகம்.

கேள்வி: 2004ஆம் ஆண்டு ஃபலூஜாவில் ஏப்ரலில் ஒரு முறையும் நவம்பரில் ஒரு முறையும் சண்டை நடந்திருக்கிறது. முதல் முறையே ஏன் முடிக்கவில்லை?

பதில்: 2004 மார்ச் 31 அன்று பிளாக்வாட்டர் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் நால்வர் ஃபலூஜாவில் வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். எரிந்த உடல்களில் இரண்டை யூப்ரடீஸ் பாலத்தில் தொங்கவிட்ட காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. அந்தப் பகுதியின் பொறுப்பை அதே மாதத்தில்தான் ஏற்றிருந்த அமெரிக்க மரைன் படைத் தளபதிகள், ஆத்திரத்தில் நகருக்குள் பாய வேண்டாம், குற்றவாளிகளை அடையாளம் கண்டு பிடிக்கலாம் என்ற கருத்தில் இருந்தார்கள். மேலிருந்து வந்த உத்தரவு வேறாக இருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் தாக்குதல் தொடங்கியது. உதவிக்கு அழைக்கப்பட்ட புதிய ஈராக் ராணுவத்தின் ஒரு பட்டாலியன், சொந்த நாட்டு மக்களோடு சண்டையிட மாட்டோம் என்று வழியிலேயே நின்றுவிட்டது.

நகரின் பெரிய மருத்துவமனை ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. பாலம் மூடப்பட்டதால் காயம்பட்டவர்களை அங்கே கொண்டுசெல்ல முடியவில்லை. நகருக்குள் இருந்த சிறிய மருத்துவ மையங்களில் கிடத்தினார்கள். இடுகாட்டுக்குப் போகும் வழியும் அடைபட்டதால், நகரின் கால்பந்து மைதானத்தில் குழி வெட்டிப் புதைக்கத் தொடங்கினார்கள். கிடைத்த கல்லிலும் பலகையிலும் பெயரைக் கையால் எழுதி நட்டார்கள். பெயர் தெரியாத உடல்களுக்கு, அடையாளம் சொல்லும்படி ஏதேனும் ஒரு குறிப்பை எழுதினார்கள். அந்த மாதத்தில் இறந்ததாகச் செய்தி வந்த சுமார் 800 பேரில் 572 முதல் 616 பேர் வரை பொதுமக்கள் என்று, செய்திகளைத் தொகுத்துக் கணக்கிட்ட ஈராக் பாடி கவுன்ட் திட்டம் மதிப்பிட்டது. அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் பெண்களும் குழந்தைகளும்.

இந்தக் காட்சிகள் அரபுத் தொலைக்காட்சிகளில் நாள்தோறும் வந்தபோது, அமெரிக்கா அமர்த்தியிருந்த ஈராக் ஆட்சிக் குழுவின் உறுப்பினர்களே எதிர்த்துப் பேசினார்கள். சிலர் விலகப் போவதாக எச்சரித்தார்கள். வாஷிங்டன் தாக்குதலை நிறுத்தச் சொன்னது. பழைய ராணுவ அதிகாரிகளைக் கொண்டு ‘ஃபலூஜா படையணி’ என்ற ஒன்றை அமைத்து நகரை அதனிடம் ஒப்படைத்தார்கள். செப்டம்பருக்குள் அது கலைந்துபோயிற்று. அதற்குக் கொடுத்த ஆயுதங்களும் வாகனங்களும் கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போயின. தாக்கு என்று அவசரப்படுத்தியதும் தவறு, பாதியில் நிறுத்தியதும் தவறு என்ற பொருளில் மரைன் படைத் தளபதி ஜேம்ஸ் கான்வே பொறுப்பை ஒப்படைத்தபோது வெளிப்படையாகவே பேசினார். அவருடைய மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் மைதானத்தில் புதைக்கப்பட்டவர்களை நினைத்தால், நிறுத்தியதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தொடங்கியதே தவறு.

கேள்வி: விமானம், டாங்கி, பீரங்கி எல்லாம் இருந்த ஒரு படை, நவம்பர் சண்டையில் வீடு வீடாக நுழைய வேண்டி வந்தது ஏன்?

பதில்: நவம்பர் 7 அன்று தொடங்கிய அந்த இரண்டாவது சண்டையில் சுமார் 10,500 அமெரிக்கப் படையினரும் 2,000 அளவில் ஈராக் படையினரும் ஈடுபட்டார்கள். படைகள் நகரின் வடக்கே ரயில் பாதையைக் கடந்து தெற்கு நோக்கி இறங்கின. டாங்கிகள் முன்னே சென்றன. கவசம் பூட்டிய புல்டோசர்கள் மதில்களை இடித்து வழி செய்தன. வானிலிருந்து விமானங்கள் குண்டு வீசின. முக்கியச் சாலைகள் சில நாட்களிலேயே கைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் அமெரிக்கத் தரப்பில் உயிரிழப்பு ஏறியது. சாலையைப் பிடித்தவர்களின் முதுகுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வீடுகள் திறக்கப்படாமல் இருந்தன.

அந்த ஊர் வீடுகளைக் கற்பனை செய்து பாருங்கள். செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டு கட்டியவை. முன்னால் ஆள் உயரத்துக்கும் மேலான மதிற்சுவர், அதில் ஒரு இரும்புக் கதவு. உள்ளே சிறு முற்றம். மேலே கைப்பிடிச் சுவருடன் மொட்டைமாடி. வெயிலுக்காகவும் குடும்பத்தின் தனிமைக்காகவும் கட்டப்பட்ட இந்த அமைப்பு, ஒளிந்திருந்து சுடுகிறவனுக்கு ஆயத்தமான கோட்டையாகிவிடுகிறது. மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. இரும்புக் கதவைத் திறந்தால் வெடிக்கும்படி கம்பி கட்டியிருக்கலாம். ஆகவே கதவை விட்டுவிட்டுச் சுவரை உடைப்பார்கள். முடிந்தால் பக்கத்து வீட்டு மாடி வழியே ஏறி, மேலிருந்து கீழாக அறை அறையாக இறங்குவார்கள்.

நவம்பர் 10 அன்று ஒரு வீட்டில் நடந்ததை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அமெரிக்கத் தரைப்படையின் டேவிட் பெல்லாவியா என்ற சார்ஜென்டும் அவருடன் வந்தவர்களும் இருட்டில் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, உள்ளே தடுப்பு அமைத்துக் காத்திருந்தவர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். பெல்லாவியா தம் வீரர்கள் வெளியேறும்வரை பதிலுக்குச் சுட்டுக் காத்தார். பிறகு மீண்டும் உள்ளே போனார். சண்டை மாடிப்படியில் நடந்தது, படுக்கையறையில் நடந்தது, துணி வைக்கும் அலமாரிக்குள்ளிருந்து ஒருவர் பாய்ந்து வெளியே வந்தார், மொட்டைமாடியில் முடிந்தது. இதற்காக 2019இல் அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் வழங்கப்பட்டது. அவருடைய துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் என் கண் அந்த அலமாரியில் போய் நிற்கிறது. அது ஒரு குடும்பத்தின் துணிமணிகள் இருந்த அலமாரி.

டிசம்பர் 23 வரை நீண்ட அந்தப் போரில் அமெரிக்கப் படையினர் 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கிளர்ச்சியாளர்களில் 1,200 பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டதாக மதிப்பிட்டார்கள். 1968இல் வியட்நாமின் ஹுவே நகரில் நடந்ததற்குப் பிறகு அமெரிக்கப் படை கண்ட கடுமையான நகரச் சண்டை என்று இதைச் சொல்கிறார்கள். யாரைத் தேடி நுழைந்தார்களோ அந்த சர்காவி முன்பே தப்பிப் போயிருந்தார்.

கேள்வி: நவம்பர் தாக்குதலுக்கு முன்பே மக்கள் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் பொதுமக்கள் எப்படி இறந்தார்கள்?

பதில்: பெரும்பாலோர் வெளியேறியது உண்மை. சுமார் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரில், பல வாரங்கள் துண்டுப் பிரசுரங்களும் வானொலி அறிவிப்புகளும் எச்சரித்த பிறகு, பத்தில் ஏழு பேருக்கு மேல் கிளம்பிவிட்டார்கள். ஏப்ரலோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்; பல ஆயிரம் உயிர்களைக் காத்த ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் பத்தில் ஏழு பேர் போய்விட்டார்கள் என்பதற்கு, பல பத்தாயிரம் பேர் உள்ளேயே இருந்தார்கள் என்றும் பொருள். போக வண்டி இல்லாதவர்கள், நடக்க முடியாத முதியவர்கள், பிரசவத்தை எதிர்நோக்கிய பெண்கள், வீட்டைக் கொள்ளைக்கு விட மனமில்லாமல் காவலுக்கு நின்ற குடும்பத் தலைவர்கள் என்று எந்த நகர முற்றுகையிலும் ஒரு கூட்டம் பின்தங்கிவிடும். இங்கே இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. சண்டை தொடங்கிய பிறகு வெளியேற முயன்றவர்களில் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் விட்டு, போரிடும் வயதிலுள்ள ஆண்களை நகருக்குள்ளேயே திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கிடையே கிளர்ச்சியாளர்கள் தப்பிவிடக் கூடாது என்பது காரணம். உள்ளே எஞ்சியிருக்கும் ஆண் எவனும் எதிரி என்று எண்ணிக் குண்டு விழும் ஓர் இடத்துக்கு, ஆயுதம் இல்லாத ஒருவரைத் திருப்பி அனுப்புவதை எந்தக் காரணத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

தாக்குதலின் முதல் இலக்கே ஆற்றுக்கு மேற்கே இருந்த பொது மருத்துவமனைதான். ஏப்ரலில் அங்கிருந்து வெளிவந்த இறப்பு எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை, எதிரியின் பிரசாரத்துக்கு உதவியவை என்பது படைத் தரப்பின் வாதம். ஈராக் கமாண்டோக்கள் அமெரிக்கத் துணையுடன் அதைக் கைப்பற்றினார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் காயப்பட்டவர்களுக்கு மறுபடியும் அந்த மருத்துவமனை எட்டவில்லை. சில நாள் கழித்து ஈராக் செம்பிறைச் சங்கத்தின் நிவாரண வண்டிகள் மருத்துவமனை வரை வந்து சேர்ந்தன. நகருக்குள் செல்ல அனுமதிக்கவில்லை. உள்ளே உதவி தேவைப்படும் பொதுமக்கள் இல்லை என்று சொன்னார்கள். நவம்பர் சண்டையில் இறந்த பொதுமக்கள் எத்தனை பேர் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை இன்றுவரை இல்லாததற்கு, எண்ணக்கூடிய இடங்களை முதலிலேயே மூடிவிட்டதும் ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பள்ளிவாசல்களில் ஆயுதம் குவித்ததும், குடியிருப்புகளில் வெடிமருந்து பதித்ததும், பிணைக்கைதிகளை அடைத்து வைத்ததும் கிளர்ச்சியாளர்கள் செய்தவை. மக்களின் நடுவில் நின்று போரிடத் தீர்மானித்தவர்களுக்கு அந்த மக்களின் சாவில் பங்கு உண்டு. ஆனால் ஒரு தரப்பு விதியை மீறுவதால் மற்றத் தரப்பின் கடமை நீங்கிவிடாது என்பதுதான் போர்ச் சட்டத்தின் அடிப்படை.

கேள்வி: ஃபலூஜாவில் வெள்ளை பாஸ்பரஸ் பயன்படுத்தியது தடை செய்யப்பட்ட செயலா?

பதில்: ஆயுதமாகப் பயன்படுத்தியதை அமெரிக்க அரசு முதலில் மறுத்தது; 2005 நவம்பரில் பாதுகாப்புத் துறை ஒப்புக்கொண்டது. காற்றுப் பட்டதும் தானே பற்றி எரியும் பொருள் இது. உடலில் பட்டால் எலும்புவரை எரிக்கும். புகைத்திரை போடவும் இரவில் வெளிச்சம் காட்டவும் படைகள் இதை வைத்திருக்கின்றன. அப்படிப் பயன்படுத்துவதற்குத் தடை இல்லை. ஃபலூஜாவில் பதுங்குகுழியில் இருந்தவர்களை இதைக் கொண்டு வெளியே விரட்டி, பிறகு வெடிகுண்டால் தாக்கினார்கள். மக்கள் நடுவே தீ மூட்டும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் 1980ஆம் ஆண்டு நெறிமுறை இருந்தது. அமெரிக்கா அதை ஏற்று உறுதி செய்தது 2009இல்தான். ஆகவே 2004இல் அது அமெரிக்காவைக் கட்டுப்படுத்தவில்லை என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆட்கள் இன்னும் இருக்கும் ஊருக்குள் அதைப் போடுவது சரியா என்ற கேள்விக்கு அந்த வாதம் பதிலாகாது.

கேள்வி: நஜஃப் நகரில் மட்டும் புனிதத் தலம் காப்பாற்றப்பட்டது எப்படி?

பதில்: 2004 ஆகஸ்டில் மஹ்தி படையினர் நஜஃபில் ஷியாக்கள் போற்றும் இமாம் அலியின் அடக்கத்தலத்தையும், அதையொட்டிய வாதி அல் சலாம் என்ற மாபெரும் இடுகாட்டையும் அரணாக்கிக்கொண்டார்கள். கல்லறைகளுக்கு நடுவே வாரக்கணக்கில் சண்டை நடந்தது. அத்தலத்தின் மீது குண்டு விழுந்தால் உலக ஷியாக்கள் அனைவரும் கொதித்தெழுவார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். இதய சிகிச்சைக்காக லண்டன் சென்றிருந்த மூத்த மதத் தலைவர் ஆயத்துல்லா அலி அல் சிஸ்தானி மாத இறுதியில் திரும்பி வந்து, ஆதரவாளர்கள் திரளாகப் பின்தொடர நஜஃபுக்குச் சென்று, உடன்பாடு செய்து வைத்தார். ஆயுதக்காரர்கள் தலத்தைவிட்டு வெளியேறினார்கள். இரு தரப்பும் மதித்த ஒரு மனிதர் நஜஃபுக்கு இருந்தார். ஃபலூஜாவுக்கு அப்படி ஒருவர் இல்லை.

கேள்வி: நகரை இடிக்காமல் கிளர்ச்சியை அடக்க வேறு வழியே இல்லையா?

பதில்: தேடினார்கள்; ஓரளவு கண்டும் பிடித்தார்கள். 2005இல் சிரிய எல்லைக்கு அருகிலுள்ள தல் அஃபர் நகரில் கர்னல் மெக்மாஸ்டரின் படைப்பிரிவு, ஊரைச் சுற்றி மண் அரண் எழுப்பிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியது. சண்டைக்குப் பிறகு வெளியேறாமல் ஊருக்குள்ளேயே சிறு முகாம்களில் தங்கியது. 2006இல் ரமாடிக்கு வந்த கர்னல் மெக்ஃபார்லண்டும் நகரின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு காவல்முகாமை நிறுவி நகர்ந்தார். ரமாடியை மாற்றியது அது மட்டும் அன்று. அல் காய்தாவினர் பழங்குடித் தலைவர்களைக் கொன்று, அவர்களுடைய வியாபாரத்தையும் பறித்து வந்ததால் வெறுத்துப்போன ஷேக் அப்துல் சத்தார் அபு ரிஷா, 2006 செப்டம்பரில் மற்றத் தலைவர்களைக் கூட்டி அமெரிக்கர்களுடன் கைகோத்தார். அவர்களுடைய இளைஞர்கள் காவல் துறையில் சேர்ந்தார்கள். எந்தச் சந்தில் யார் அந்நியர் என்பதை, எந்த விமானமும் காட்டித் தர முடியாத அதை, அந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்ததும் சொன்னார்கள். அபு ரிஷா மறு ஆண்டு செப்டம்பரில் வெடிகுண்டுக்கு இரையானார்.

2008 வசந்தத்தில் பாக்தாத்தின் சதர் நகரில் வேறொரு முறையைக் கையாண்டார்கள். சுமார் 20 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் அந்தப் பகுதிக்குள் முழுவதுமாக நுழையாமல், அல் குத்ஸ் சாலை நெடுகிலும் ஆளைப்போல் இரு மடங்கு உயரமுள்ள கான்கிரீட் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சுவர் எழுப்பினார்கள். ராக்கெட் ஏவும் இடங்களிலிருந்து ஆயுதக் குழுவினரைப் பிரிப்பது நோக்கம். சுவரைத் தடுக்க வந்த மஹ்தி படையினர் திறந்தவெளியில் அகப்பட்டார்கள். ஃபலூஜாவைவிடச் சேதம் குறைவு என்றாலும், பக்கத்துத் தெருவுக்குப் போகச் சுற்றி அலைய வேண்டிய நிலை அங்கிருந்தவர்களுக்கு வந்தது.

கேள்வி: சண்டை முடிந்த பிறகு ஃபலூஜா மக்கள் திரும்பினார்களா? அந்த ஊர் என்ன ஆயிற்று?

பதில்: 2004 டிசம்பர் இறுதியிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்ப விட்டார்கள். ஊர் எல்லையில் சோதனைச்சாவடியில் குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்று, கைரேகை பதித்து, கருவிழியைக் கருவியில் காட்டி, அடையாள அட்டை வாங்கினால்தான் சொந்த வீட்டுக்குப் போகலாம். பல வீடுகளின் முகப்பில், சோதனை முடிந்தது என்பதற்காகப் படையினர் வண்ணத்தில் இட்டுச் சென்ற குறி இருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் குவியல்தான் மிஞ்சியிருந்தது.

2011 டிசம்பரில் அமெரிக்கப் படைகள் ஈராக்கை விட்டு வெளியேறின. 2014 ஜனவரியில் இஸ்லாமிய அரசு என்ற அமைப்பு ஃபலூஜாவைக் கைப்பற்றியது. பத்தாண்டுக்கு முன் அவ்வளவு உயிர்களைக் கொடுத்துப் பிடித்த நகர் அந்த அமைப்பிடம் இரண்டரை ஆண்டு இருந்தது. 2016 மே, ஜூன் மாதங்களில் ஈராக் படைகள் அதை மீட்டபோது 80,000க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு ஓடிப் பாலைவன முகாம்களில் கொளுத்தும் வெயிலில் தங்கினார்கள். அந்த முறையும் வெளியேறிய ஆண்களைத் தனியே பிரித்து விசாரித்தார்கள். அவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. 2004இல் பத்து வயதுச் சிறுவர்களாகப் பெற்றோரின் கையைப் பிடித்துச் சோதனைச்சாவடி வரிசையில் நின்றவர்களுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.